தீர்ப்புக்குக் காத்திருந்த கண்டக்டர்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில், மலைக்கோட்டையைப் பார்த்தபடி இருந்த ஒரு மைதானத்தில், தை மாத ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது இது. அப்போது நான் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. நான் வகுப்பில் செய்யுள் நடத்தினால் வேடசந்தூர் வரைக்கும் கேட்கும் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் அதில் ஒரு பெருமை இருந்தது.

அன்று எங்கள் பகுதி வாசகசாலையின் ஆண்டு விழா. பட்டிமன்றம் ஏற்பாடாகியிருந்தது. தீராத நோயில் துடிப்பவர் விரும்பினால் உயிரை விடச் சட்டம் இடம் தர வேண்டும் என்று மேல்நாட்டில் சிலர் இயக்கம் நடத்துகிறார்களாம். அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு வாசகசாலை இளைஞர்கள் அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள். 'சட்டம் இடம் தரலாமா, கூடாதா?' குதிரைவண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அறிவிப்பும் செய்தாயிற்று. காய்கறிக் கடையில்கூட ஜனங்கள் கட்சி பிரிந்து நின்றார்கள். "பொங்கல் முடிஞ்ச கையோட சாவப் பத்தி என்னப்பா பேச்சு?" என்று திட்டியவர்கள்தான் முதலில் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார்கள்.

நடுவராக வரவேண்டிய பேராசிரியரின் பஸ் செம்பட்டிப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, பார்வையாளராகப் போயிருந்த என்னைப் பிடித்து நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண் நடுவர் என்றதும் கூட்டத்தில் சலசலப்பு. எனக்கோ தலைகால் புரியவில்லை.

பேச்சாளர்கள் வெளுத்து வாங்கினார்கள். 'தரலாம்' கட்சிக்காரர் ஓர் இளம் வக்கீல். மானம் காக்க உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட பழைய மன்னர்களை எல்லாம் இழுத்தார். 'கூடாது' கட்சிக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். "கொடுத்தவன் எடுத்துக்குவான், ஊடால நீ யாரு?" என்று ஒரே போடாகப் போட்டார். இரண்டுக்கும் ஒரே மாதிரி கைதட்டல். யார் பேசினாலும் தட்டுகிற கை அது. நானும் நடுநடுவே வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தேன். வக்கீலின் பேச்சுக்கு இரண்டு மூன்று முறை 'சபாஷ்' போட்டேன். தீர்ப்பையும் அவர் பக்கமே சொல்வதாக முடிவு செய்து, முத்தாய்ப்பாக ஒரு வரிகூட மனத்துக்குள் தயார் செய்துவிட்டேன்.

தீர்ப்புக்கு முன்னால் ஆண்டறிக்கை வாசிப்பது எங்கள் வாசகசாலை வழக்கம். தீர்ப்பைச் சொல்லிவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும், அறிக்கையைக் கேட்க நாய்கூட இருக்காது என்பது செயலாளரின் அனுபவம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். சோடா குடிக்கலாம் என்று நான் மேடைக்குப் பின்னால் இறங்கினேன்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் காணாத தலை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"டீச்சரம்மா, கூடாதுன்னு சொல்லிருங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். தொண்டையில் புற்று. மதுரையில் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு நின்று பல மாதம் ஆகிறது. இப்போது கஞ்சியும் பாலும் வேண்டாம் என்கிறார். அவள் விடாமல் கரண்டியால் ஊற்றுகிறாள். ஊற்றினால் இருமல், இருமினால் ரத்தம்.

"வண்டியில அறிவிச்சிட்டுப் போனாகல்ல, அதக் கேட்டதுலருந்து குழாயக் குழாயக் காட்டுனாரு. சரி, குழாயில என்ன தீர்ப்புச் சொல்றாகளோ அதும்படி கேட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன். எப்புடியும் கூடாதுன்னுதான சொல்லுவாகன்னு நெனச்சேன். நீங்க அந்த வக்கீலுக்கு சபாஷ் போட்டதும் எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. பக்கத்து வீட்டு அக்காவ ஒக்கார வச்சிட்டு ஓடியாரேன்."

என் கையில் சோடா பாட்டில் அப்படியே இருந்தது. "வீடு எங்கே?" என்று கேட்டேன். மைதானத்துக்குப் பின்புறச் சந்தில்தான் என்றாள். அவள் பின்னால் நடந்தேன்.

அந்த நடையை நினைத்தால் இன்றும் கனவில் நடந்த மாதிரிதான் இருக்கிறது. பொழுது சாய்ந்து, மலை முழுக்கச் செம்மண் நிறம். எங்கிருந்தோ புகையிலை வாசம். மாடுகள் கிளப்பிய புழுதி தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதந்துகொண்டே இருந்தது, கீழே இறங்க மனமில்லாதது மாதிரி. நாங்கள் நடக்க நடக்க, செயலாளரின் குரல் வானத்திலிருந்து கூடவே வந்தது. புதிதாக வாங்கிய பெஞ்சுகளைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கால் தரையில் படுகிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சின்ன வீடு. வாசல் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். அத்தனை பெரிய கட்டிலில் அத்தனை கொஞ்சமாக ஓர் ஆள். கம்பத்தில் கட்டியிருந்த குழாயின் வாய் நேராக அந்த முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. நான் அடித்த வேடிக்கை, போட்ட சபாஷ் எல்லாம் இந்தக் கட்டிலின் மேல்தான் வந்து விழுந்திருக்கிறது.

அவர் என்னைப் பார்த்தார். "வணக்கம்" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. கண்ணில் லேசான சிரிப்பு.

"பாருங்க, நல்லாத்தான இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே அவள் பால் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். கரண்டி அவர் வாயருகே போனதும் அவர் கை கட்டில் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டியது. பஸ்ஸின் பக்கவாட்டில் கண்டக்டர்கள் தட்டுவார்களே, அதே தட்டு. ஒரு தட்டுக்கு வண்டி நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் கிளம்பலாம். அவள் கை நிற்கவில்லை. மறுபடி ஒரு தட்டு. பால் உள்ளே போனது. அப்புறம் வந்த இருமலை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இருமல் அடங்கியதும் அவர் வாயைத் துடைத்துவிட்டு அவள் என்னிடம் திரும்பினாள். "நிறுத்தச் சொல்றாரு, எனக்குத் தெரியாம இல்ல. நிறுத்திட்டா, புருசனப் பட்டினி போட்டுக் கொன்னவன்னு ஊரு சொல்லாதா? அதவிட, அவரு இல்லாத வீட்டுல நான் யாருக்கு ஒல வைக்க?" என்றாள். வாங்குகிற சம்பளத்துக்கு வாய் கிழியப் பேசுகிறவள் நான். அன்றோ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மைக் முன்னால் நின்றபோது கூட்டம் எனக்குத் தெரியவில்லை. இரண்டே பேர்தான் தெரிந்தார்கள். தயார் செய்த வரி எங்கோ போய்விட்டது. நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"இன்று எல்லோரும் நன்றாகப் பேசினோம். படுத்திருப்பவர் மட்டும்தான் பேசவில்லை. சட்டம் இடம் தரலாமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று தெரியும். வாய் திறக்க முடியாதவர் கையால் வேண்டாம் என்று சொன்னால், அந்தக் கையை நாம் நம்ப வேண்டும். அப்படி நம்பிக் கரண்டியைக் கீழே வைப்பது கொலை இல்லை. வைத்தவளை ஊர் பழிக்கக் கூடாது. பழிப்பதாக இருந்தால் முதலில் என்னைப் பழியுங்கள்."

கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "தீர்ப்பச் சொல்லுங்க டீச்சர்!" என்று கத்தினார். "இதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டுங்கெட்டான் தீர்ப்பு என்று இரு கட்சிக்காரர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு நன்றாகவே மண்டகப்படி நடத்தினார்.

மாசி கடைசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலில் அவள் நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் கேட்க வேண்டியதே இல்லை.

"அன்னிக்கு நீங்க பேசி முடிச்சதும் கரண்டியக் கீழ வச்சிட்டேன், டீச்சரம்மா. அவரு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. செத்த நேரங் கழிச்சு, கட்டில்ல ரெண்டு தட்டுத் தட்டுனாரு. போறேங்கிறாருன்னு நெனச்சு நான் அலறிட்டேன். பாத்தா, பக்கத்துல இருந்த காப்பித் தம்ளரக் காட்டுறாரு!"

சொல்லும்போதே சிரித்தாள், அழுதாள். "அவரா கேட்டது. மெதுவா ரெண்டு வாய் எறங்குச்சு. ஒரு பொட்டு இருமல. அப்புறம் கேட்டா குடுத்தேன், நிறுத்துன்னா நிறுத்திட்டேன். ராவெல்லாம் சும்மா பக்கத்துல ஒக்காந்திருந்தேன். இம்புட்டு நாளு கரண்டியும் கையுமா இருந்ததுல அவரு மூஞ்சியவே நான் பாக்கல."

"ஊர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு பேசுச்சு. அப்புறம் அதுக்கு வேற சோலி வந்துருச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடேசி அன்னிக்குக் கட்டில்ல தட்டல. என் உள்ளங்கையில தட்டுனாரு, ரெண்டு. நான் சரின்னுட்டேன்."

அந்த உள்ளங்கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இதற்கு வழக்கு, சட்டம் என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம், நீ எந்தக் கட்சி பாட்டி என்று பேரன் வம்புக்கு இழுக்கிறான். எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டி, வண்டி மறுபேச்சில்லாமல் நிற்கிறதே, அந்த நொடியில் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது: சொன்னால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கட்டிலில் கிடந்த அந்த மனிதரும் நிம்மதியாக இரண்டு தட்டுத் தட்டியிருக்க வேண்டும்.