குழாயடியும் சிசிலியின் இன்டரும்

மயிலாப்பூரில் மனிதர்களுக்குப் பதில் குடங்கள் வரிசையில் நிற்கும். ரங்கூனில் எங்கள் வீடுகளுக்குள்ளேயே குழாய் இருந்ததால் எனக்கு இது தெரியவில்லை. வந்த புதிதில் ஒரு காலை, ஆளே இல்லையே என்று என் குடத்தை நேராகக் குழாயடியில் வைத்துவிட்டேன். எங்கிருந்தோ பெண்கள் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா, “இன்னா ஆயா, இத்தினி கொடம் வரிசையா கீது, கண்ணு தெர்ல?” என்றாள். காலிக் குடத்தோடு திரும்பினேன். அதன்பிறகு தண்ணீருக்குப் போனது என் மகள் சிசிலிதான்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது நின்ற படிப்பை இங்கே தொடர்ந்து, காலேஜில் இரண்டு வருஷ இன்டர் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளோடு சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் இப்போது வகுப்பில் இல்லை. ஒருத்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. இன்னொருத்தியின் அம்மாவுக்குப் பிரசவம், வீட்டைப் பார்க்க ஆளில்லை. படிப்பு ஏறாமல் நின்றவள் என்று எனக்குத் தெரிந்து யாருமில்லை. நான் நாலாவதோடு நின்றதும் அப்படித்தான், தம்பியைத் தூக்கிக்கொள்ள.

இங்கே குழாயில் தண்ணீர் வருவதும் காலேஜ் தொடங்குவதும் ஒரே நேரம். முதல் மணி வகுப்பில் சிசிலிக்கு ஆப்சென்ட் மேல் ஆப்சென்ட். இனியும் தவறினால் பரீட்சைக்கு விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா” என்றாள், தலை பின்னிக்கொண்டே. அந்தப் பெண்களும் போகும்போது இதையேதான் சொன்னார்கள்.

மறுநாள் அவள் கையிலிருந்த குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். வரிசையின் கடைசியில் வைத்து, பக்கத்திலேயே நின்றேன்.

“கொடத்துக்குக் காவலா ஆயா? வெச்சிட்டு ஊட்டுக்குப் போ, அதுக்கு இன்னா காலா கீது?” என்று கன்னியம்மா சிரித்தாள். “பொண்ணு எங்க?”

“காலேஜுக்கு.”

“படிச்சி கலெக்டராவப் போவுதா?”

“டீச்சர் ஆவா” என்றேன். அந்தக் குழாயடியில் நான் பேசியது அவ்வளவுதான். கன்னியம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் குடத்தை நகர்த்தினாள்.

இப்போது தினமும் போகிறேன். ரங்கூனில் எங்கள் வரிசை வீடுகளை மதராஸ்காரர் வீடு என்பார்கள். இங்கே என் முறை வந்ததும், “ரங்கூன் கொடம், வா!” என்று கூப்பிடுகிறார்கள். போய் வைக்கிறேன். தண்ணீர் விழும் அந்த நேரத்தில் காலேஜில் பெயர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே அவளைச் சிசிலி என்றுதான் கூப்பிடுவார்கள்.