குரூப்பில் போட்ட ஜெபம்

போன மாதம் எங்கள் சபை வாட்ஸப் குரூப்பில் ஒரு ஜெப விண்ணப்பம் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான். கெடுதலெல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்கிறது?

நாங்கள் இருப்பது ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டில். மகள் ஷரோன் பி.எஸ்சி. முடித்துவிட்டு பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். உதிரிபாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இப்போது அதைக் கேமராவே பார்த்துவிடுகிறதாம்.

"அது பாத்துச் சொல்லுது, நான் எடுத்து டப்பால போட்டுக்கினு கீறேன். இதுக்கா நைனா படிச்சேன்? பி.எட். என்ட்ரன்ஸ் எழுதப் போறேன். சீட்டு கெடைக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லாத."

தலையாட்டினேன். மனசு ஆறவில்லை. இருக்கிற வேலையும் போய்விட்டால்...?

'மகள் வேலையை விட நினைக்கிறாள். கர்த்தர் நல்வழி காட்ட ஜெபியுங்கள்' — அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் நாற்பது ஆமென். கூப்பிய கைகள், புறாக்கள். நெஞ்சு லேசானது.

முதல் ஆமென் அவளுடைய சூப்பர்வைசருடையது. எங்கள் சபைக்காரர்தான். குரூப்பில் இருக்கிறார் என்று தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை — அவ்வளவுதான்.

மறுநாள் எல்லோர் முன்னாலும், "ஏம்மா, மானேஸ்தாவா?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். வேலையை விடப்போகிறாயா என்று. நிரந்தரமாக்கும் பட்டியலிலிருந்து சாயந்திரத்துக்குள் அவள் பெயர் போய்விட்டது. கெட்ட மனிதர் இல்லை. "உனக்காக ப்ரேயர் பண்ணிக்கினுதான் கீறேன்" என்றும் சொன்னாராம்!

வீட்டுக்கு வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"குரூப்ல போட்டியா நைனா?"

"ஜெபத்துக்குத்தாம்மா..."

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, அவரு யாராண்டயும் சொல்லியிருக்க மாட்டாரு."

பையோடு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணுங்கள் என்று சண்டே ஸ்கூலில் பதினைந்து வருஷமாகச் சொல்லித் தருகிறவன் நான். யாருக்குச் சொன்னேன்?

போன ஞாயிறு திருப்பதியில் அவளுக்குத் தேர்வு. துணைக்குப் போனேன். ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று போனில் கேட்டார் பாஸ்டர். "வேலை இருக்குங்கய்யா" என்றேன். பக்கத்தில் நின்றவள் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதப் பத்திக் கதையா எழுதட்டுமாம்மா?"

ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"எழுது. ரிசல்ட்ட மட்டும் கேக்காத. மொதல்ல ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு, அப்புறந்தான் உனக்கு."

காத்திருக்கிறேன். போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது; குரூப்பைத் திறக்கவில்லை.