எண்ணெய்ப் புகைக்கு ஒரு டப்பா

அந்தப் பங்குனியில் என் மனைவிக்குத் தொண்டையில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. திருவிடைமருதூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து சனி, ஞாயிறு தவிர தினமும் காலையில் தஞ்சாவூர் போய்வர வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துச் சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய டீசல் கார். எஞ்சின் தேய்ந்துவிட்டது. தேய்ந்த டீசல் எஞ்சினுக்குள் எண்ணெய்ப் புகை அதிகமாகச் சேரும். அது வெளியேற ப்ரீத்தர் என்று ஒரு குழாய் உண்டு. வண்டி புதிதாக வரும்போது அந்தக் குழாய், எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையோடு இணைந்திருக்கும். புகையோடு போகும் எண்ணெய், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவைக் கெடுக்கிறதென்று முன்பு ஒரு பட்டறையில் அதைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால் புகை மேலே எழும்பி, ஏசி காற்றோடு உள்ளே வந்துவிடும்.

எங்கள் ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட். பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். நான் எஞ்சினை நிறுத்திவிடுவேன். ஆனால் அதற்குள் உள்ளே வந்த வாடையே அவளுக்குப் போதும். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி வாந்தி எடுப்பாள். புண்ணான தொண்டையில் வாந்தி வருவது எப்படி இருக்கும் என்று அவள் சொன்னதில்லை. வாடகைக் காரில் போய்ப் பார்த்தோம். அதில் தொங்கிய வாசனைப் புட்டி இதைவிட மோசமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும், முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்தாள். பேச வலிக்கும் என்பதால் அந்த நாட்களில் சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"இன்னொரு தடவ அந்த கேட்டுல வாந்தி எடுத்தேன்னா, அதோட நான் வரமாட்டேங்க. சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். பாதியில் விட்டுவிடுவாள் என்ற பயம் எனக்கு அன்றுதான் வந்தது.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தால் வண்டி பல நாள் பட்டறையில் நிற்கும். அதற்கு நேரமில்லை. அவள் பிறந்த ஊர்க்காரர் ஒருவர் கும்பகோணம் சாலையில் மெக்கானிக்காக இருக்கிறார். அவளை அக்கா என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாமா. அவர்தான் வழி சொன்னார்: ப்ரீத்தர் குழாயைப் பழையபடி காற்றுப் பாதையிலேயே இணைத்துவிட்டு, நடுவில் ஒரு டப்பா வைப்பது. புகை டப்பாவுக்குள் போகும். எண்ணெய் அதில் தங்கிவிடும். மிச்சம் எஞ்சினுக்கே திரும்பிப் போய் எரிந்துவிடும். வெளியே ஒன்றும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுமினிய டப்பாவோடு வீட்டுக்கே வந்தார். பானெட்டைத் திறந்து இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே கை நுழைய இடமில்லை. ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் ஏர் ஃபில்டர், நடுவில் எஞ்சின், அதன் மேலே ஏசி குழாய்கள். நான் நில அளவை வேலையில் இருப்பவன். டப்பாவின் அளவுக்கு அட்டையில் ஓர் உருளை செய்து, அதை ஒவ்வோர் இடுக்கிலும் வைத்துப் பார்த்தேன். டேப்பால் அளந்து சுண்ணாம்புக்கட்டியால் குறித்தேன்.

"என்ன மாமா, எஞ்சினுக்கு உட்பிரிவு போடுறீங்களா? பட்டா யாரு பேருல?"

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள், மூக்கை மூடியிருந்த துண்டுக்குள்ளேயே சிரித்தாள்.

பிரேக் எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. அட்டை அழகாக உட்கார்ந்தது. எஞ்சினை முடுக்கியபோது அது ஒரு குலுக்குக் குலுக்கி அட்டையை நசுக்கியது. நின்றிருக்கும் எஞ்சினை அளந்தது என் தப்பு. வயல் இப்படி ஆடுவதில்லை. வேறு இடம் தேடினோம். கடைசியில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் பாட்டிலைக் கழற்றிவிட்டு அந்த மூலையை எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

"மழையா பெய்யுது இப்ப? எடுத்துடுங்க" என்றாள் அவள்.

இரும்புப் பட்டையை வளைத்து பிராக்கெட் செய்து, எஞ்சினில் அல்லாமல் வண்டியின் உடம்பில் போல்ட் போட்டோம். டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைப் பிரித்து அடைத்தார் மெக்கானிக். எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் டப்பா மூலைக்குப் போனதால் அதிலிருந்து திரும்பும் ஹோஸ் நீளம் போதவில்லை. அவர் கொண்டுவந்திருந்த ரப்பர் ஹோஸ் பாதி வழியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் கடை கிடையாது. மறுநாள் காலை தஞ்சாவூரில் இருக்க வேண்டும்.

அவள்தான் எழுந்து போய் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு சுருளைத் தூக்கி வந்தாள். வயலுக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானுக்கு வாங்கியதில் மிஞ்சிய புது ஹோஸ். வயலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"எம்புட்டு அழுத்தமும் தாங்கும் இது" என்றாள்.

மெக்கானிக் அதைக் கையால் அழுத்திப் பார்த்தார். நானும் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் எது அறுந்தாலும் எது ஒழுகினாலும் முதலில் தேடுவது இந்த ஹோஸைத்தான். மூவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாட்டினோம். எஞ்சினை ஓடவிட்டு, அவள் பானெட்டருகே வந்து துண்டை விலக்கி மோந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவளிடம் அது பாராட்டு.

மறுநாள் கேட் திறந்திருந்தது. அதனால் சோதனை நடக்கவில்லை. பாபநாசம் தாண்டியபின் சாலையின் ஒரு பாதியில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள்; வண்டிகள் ஏறிப்போனால் தானாகவே அடிபட்டு உதிரும். அதன்மேல் ஏறியபோது முன்னாலிருந்து டப்பென்று ஒரு சத்தம். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. நிறுத்திவிட்டுத் திறந்தேன். அந்த ஹோஸ் சூட்டில் இளகி, நாடா போலத் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. உள்ளிருந்து தள்ளினால் தாங்கும் ஹோஸ் அது. இங்கே வேலை உறிஞ்சுவது. வழி அடைத்ததும் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை வெளியே தள்ளிவிட்டது. எண்ணெய் சூடான பாகங்களில் சிதறிப் புகைந்துகொண்டிருந்தது. மீதி கீழே சொட்டியது.

அவள் அதற்குள் இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் குனிந்து நின்றாள். அவளிடம் ஓடப் போனேன். உளுந்துக்குச் சொந்தக்கார அம்மாள் வழிமறித்தார்.

"ஏன் சார், ஊர்ல இடமா இல்ல? எங்க உளுந்துலதான் எண்ணெய ஊத்துவீங்களா? தோசை ஊத்துறப்ப நாங்களே ஊத்திக்கமாட்டமா!"

"வண்டி நின்னுபோச்சும்மா. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். அவங்களுக்குத்தான்."

அந்த அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தார். துண்டு நழுவிக் கழுத்து தெரிந்தது. கதிர்வீச்சுக்காகப் போட்டிருந்த மைக்கோடுகளும் கருத்த தோலும்.  உளுந்து கிளறும் கழியோடு சாலை நடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்த தஞ்சாவூர் பஸ்ஸைக் கழியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார்.

"இன்னிக்கு வேணாம்னா சொல்லு, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேட்டுலன்னுதானே சொன்னேன்? இது கேட்டு இல்லியே."

ஏறிவிட்டாள். நான் பின்னால் ஏறப் போனதற்குக் கையால் வேண்டாம் என்று காட்டினாள். காரையும் உளுந்தையும் அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாதாம். பஸ் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் அந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் எதுவும் எழுத வரவில்லை.

எண்ணெய் பட்ட செடிகளை அந்த அம்மாளோடு சேர்ந்து பொறுக்கித் தனியாகப் போட்டேன். நான் போன் செய்ததும் மெக்கானிக் கும்பகோணத்தில் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும் தடித்த ரப்பர் ஹோஸ் வாங்கி பைக்கில் வந்து சேர்ந்தார். தட்டையான ஹோஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா குடுத்துச்சின்னு நம்பிட்டேன் மாமா."

"நானுந்தான் மாப்ள."

புது ஹோஸை எங்கும் மடங்காமல், எஞ்சின் குலுங்குவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினோம். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உளுந்துக்காரம்மா திட்டிச்சா?"

"நீ போனப்புறம் இல்ல."

வழியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு டிராக்டர், வைக்கோல் ஏற்றிய ஒரு லாரி. உச்சி வெயில். வண்டியை நிறுத்தினேன், எஞ்சினை நிறுத்தவில்லை. எஞ்சின் சூடு காட்டும் மீட்டரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். மூக்கின் மேல் துண்டு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். பழைய வழக்கத்தில் என் கை சாவியைத் தொட்டது.

"ஏங்க நிறுத்துறீங்க? வேர்க்குது. ஓடட்டும்" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

ரயில் கடந்து போய், கேட் திறக்கும்வரை ஓடவிட்டேன்.