ஆன்டெனா மட்டும் பேசவும்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு சிக்னல் பிரிவில் வேலை. எனக்கு வீட்டு வேலையும் ஒரு வயர்லெஸ் செட்டும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பிடிப்பில் மோர்ஸ் குறியீடு கற்று, மெட்ராஸில் பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தேன். டிரான்ஸ்மிட்டரை நானே கட்டினேன். மொட்டை மாடியிலிருந்து பின்வீட்டுத் தென்னைக்கு இழுத்த கம்பிதான் ஆன்டெனா.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஐந்தாறு பேர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோம். அதற்கு நெட் என்று பெயர். யார் எப்போது பேச வேண்டும் என்று சொல்லும் ஆளுக்குப் பெயர் கன்ட்ரோல். குரல் தெளிவாக இருக்கிறது என்று என்னைக் கன்ட்ரோல் ஆக்கிவிட்டார்கள். லைசென்ஸ் விதிப்படி தொழில்நுட்பம் பேசலாம், நலம் விசாரிக்கலாம். அரசியல் கூடாது, வியாபாரம் கூடாது, வேறு ஒருவருக்காகச் செய்தி சொல்லக் கூடாது. யாராவது மீறினால் நிறுத்துவது என் பொறுப்பு.

அதிகம் மீறியவர் திண்டிவனத்து அண்ணன். லேத் பட்டறை வைத்திருந்தார். செட்டில் வால்வு சூடாவதைப் பற்றிக் கேட்டால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைச்சலில் போய் முடிப்பார். "அண்ணே, இன்னிக்கு ஆன்டெனா மட்டும்தான், ஓவர்" என்று நான் சொல்ல, "சரி தங்கச்சி, மன்னிச்சுக்க" என்பார். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் மழை, விளைச்சல் என்று போய்விடுவார்.

அன்றைக்கு அவர் முறை வந்ததும் குரல் வேறு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, ஆன்டெனா இருக்கட்டும். மரக்காணத்துல நம்ம பட்டறைப் பையன் வூட்டுல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து தங்கிக்கினு இருக்கு. சிலோன்லேர்ந்து போட்டுல வந்தது. அண்ணங்காரன் வேற போட்டுல ஏறிட்டானாம். உயிரோட கீறானான்னு தெரியல. ராமநாதபுரம் பக்கம் யாராவது கேட்டுக்கினு இருந்தா, அவன் பேரு..."

பேரைச் சொல்லிவிட்டார். ஊரைச் சொல்ல வாயெடுத்தபோது நான் மைக் பொத்தானை அமுக்கினேன். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் கேட்பவர் காதில் விசில்தான் விழும். அரை நிமிடம் எதுவும் பேசாமல் பொத்தானை அமுக்கியபடியே இருந்தேன். விட்டதும், "கன்ட்ரோல் பேசுறேன். இன்றைய நெட் முடிந்தது" என்று சொல்லி செட்டை அணைத்தேன்.

இலங்கையில் சண்டை நடந்து, இங்கே போராளிகளின் வயர்லெஸ் செட்டுகளைத் தேடிப் போலீஸ் அலைந்த காலம் அது. கடற்கரையில் வயர்லெஸ் என்ற சொல்லை உரக்கச் சொல்லவே பயப்படுவார்கள். போட்டு, சிலோன் இரண்டையும் வயர்லெஸ்ஸிலேயே ஒரே மூச்சில் சொல்லியிருந்தார் அண்ணன். எத்தனை பேர் கேட்டார்களோ.

யார் என்ன பேசினார்கள் என்று பதிந்துவைக்கும் லாக் புத்தகத்தில் எழுதினேன்: "திண்டிவனம் நிலையம் மூன்றாம் நபர் செய்தி தொடங்கியது. நிறுத்தப்பட்டது." எழுதிய பிறகுதான் அந்த வரி என்னைக் காப்பாற்றும், அவரை மாட்டிவிடும் என்று உறைத்தது.

என் கணவர் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அந்தப் பக்கத்தக் கிழிச்சுடு" என்றார்.

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்குங்க. கிழிச்சா இன்னும் மோசம்."

"என் வேலை போனா இன்னா பண்ணுவ?"

லாக் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தெருவில் ஸ்கூட்டர் நின்றால் ஜன்னலுக்கு ஓடினேன். பால்காரர் கம்பியை அண்ணாந்து பார்த்ததற்கு, "துணி காயப் போட" என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. போலீஸ் இரண்டு பேர், சாதாரண உடுப்பில். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர் செட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கன்ட்ரோல் நீங்கதானா?"

"ஆமாங்க."

"எங்களுக்குத் தகவல் வந்துச்சு. ஒரு ஆளைப் பத்திப் பேசியிருக்காங்க. அப்புறம் ஒரே விசில். அது யாரு?"

"நான்தாங்க. பேசக் கூடாதுன்னு நிறுத்தினேன்."

லாக் புத்தகத்தைக் கொடுத்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தார். "நல்லா பண்ணீங்க" என்றார்.

"பேரு என்ன சொன்னான்?"

அந்தப் பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று நாளாக அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"விசில்ல போயிடுச்சுங்க. கேக்கலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "ஊரை விட்டு எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிக் கிளம்பினார்.

அண்ணன் செட்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்று நெட்டில் இருந்த இன்னொருவர் மூலம் தெரிந்தது. பத்து நாள் கழித்து, கணவரிடம் ஜவுளி எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். டவுன் தாண்டும்வரை தலையில் முக்காடு போட்டிருந்தேன்.

பட்டறையில் அண்ணன் தனியாக இருந்தார். அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டு பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, காது மந்தமான மனிதர்.

"அண்ணே, நான்தான் லாக்குல எழுதினேன்."

"நீ எழுதாட்டி உன் லைசென்ஸும் பூடும்" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ரெண்டு ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. அடிக்கலை. பட்டறைப் பையனும் மாட்டக் கூடாதுன்னு அவனை வேலைய விட்டு நின்னுக்கடான்னு சொல்லிட்டேன். அதான் பேஜாரா இருக்கு."

"அந்தப் பொண்ணு?"

"அங்கதான் கீது. நான் ஒரு கடுதாசி போடலாம்னா, என் கடுதாசியப் பிரிச்சுப் பாக்குறாங்களோன்னு பயமா கீது."

அவள் அண்ணனின் ஊர்ப் பெயரையும் மரக்காணத்து விலாசத்தையும் சன்னமாகச் சொன்னார். நான் எதிலும் எழுதிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தபாலாபீஸில் ஒரு கார்டு வாங்கி, பக்கத்தில் நின்றவரிடம் பேனா கேட்டு, ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் அகதி முகாம் அதிகாரிக்கு எழுதினேன். இன்ன பேர், இன்ன ஊர்க்காரர் அங்கே இருந்தால், தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லவும், விலாசம் இது. கையெழுத்து மாறட்டும் என்று அச்செழுத்து போல எழுதினேன். பெட்டியில் போடும்போது சுற்றிலும் பார்த்தேன். அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டேன்.

அதனால் பதில் வர வழியில்லை.

லாக் புத்தகம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அண்ணன் செட் வர ஐந்து மாதம் ஆனது. மறுபடியும் அவர் நெட்டில் சேர்ந்த ஞாயிறு, "சிக்னல் நல்லா கீது, ஓவர்" என்று மட்டும் சொன்னார். "பட்டறை எப்படிண்ணே?" என்று நானாகக் கேட்டேன். "கன்ட்ரோல், அது டாபிக் இல்லை" என்றார்.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்கு மரக்காணம் போனோம். அந்த விலாசம் எனக்கு மறக்கவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் கணவர், "பஸ்ஸுக்கு நேரம் கீது. எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்றார்.

தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க, வெயிலா இருக்கு" என்றேன்.