டோரீனின் வலது கண்ணிமை

கலிபோர்னியாவில், காற்றாலைகள் சுற்றும் மஞ்சள் குன்றுகளுக்கு இந்தப் பக்கம், ஒரு குட்டிச் சூரியனைக் கொளுத்திப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு லேசர்கள், எண்ணி முடியாத முனைவர் பட்டங்கள், தடுக்கி விழுந்தால் ஒரு கமிட்டி. எல்லாம் மிளகு அளவு வைர உருண்டை ஒன்றைச் சுடுவதற்குத்தான். உருண்டைக்குள் உறைந்த ஹைட்ரஜன். நாலாபக்கமும் ஒரே சீராக நசுங்கினால் அது பற்றிக்கொண்டு, கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தரும் என்று கணக்கு. பத்து வருஷமாக அது நசுங்கிக்கொண்டுதான் இருந்தது, பற்றுவதாகக் காணோம்.

அந்த மிளகுக்குக் குழாய் ஒட்டுகிறவள் டோரீன் அவிலா. உள்ளே ஹைட்ரஜனை ஏற்றுகிற, தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு தடிமனுள்ள குழாய். பல்செட் செய்யும் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. அதனால் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதுமில்லை.

உருண்டைமேல் ஒரே ஒரு தூசு இருந்தால் போதும், ஒவ்வொரு முனைவரின் இருபத்தாறு வருஷப் படிப்பும் பாழ். அந்தத் தூசைத் தட்ட டோரீன் வைத்திருந்த கருவி பூனை மீசை. அவள் வீட்டுப் பூனை பிக்கிள்ஸ் சோபாவில் உதிர்த்துவிட்டுப் போகும். அதைப் பொறுக்கி, கழுவி, பல்குச்சி நுனியில் ஒட்டிக்கொள்வாள். வளையும், கீறாது. வேறென்ன வேண்டும்?

இரண்டு வருஷம் முன்பு, செப்டம்பரில், தர மேலாளர் கீத் லிண்ட்க்விஸ்ட் வந்து மேஜையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன, டோரீன்?"

"பிக்கிள்ஸோட மீசை."

"அங்கீகரிச்ச பட்டியல்ல இல்லையே."

"பட்டியல் போட்டவரு பூனை வளர்க்கல போல."

கீத் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பட்டியலில் இல்லை. மேஜைமேல் இருந்த மூன்று மீசைகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் எழுதி, கையெழுத்திட்டு எடுத்துப் போனார். பதிலுக்கு ஒரு உறிஞ்சு குழல் வந்தது. அதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். தூசை விட்டுவிட்டு உருண்டையை இழுத்தது.

அடுத்துச் சுட்ட மூன்று உருண்டையும் முன்னைவிட மோசம். லேசரைச் சந்தேகிக்க ஒரு கமிட்டி, உருண்டைக்குள் உறைந்த பனிப்படலத்தைச் சந்தேகிக்க ஒரு கமிட்டி, இந்த இரண்டு கமிட்டியையும் சந்தேகிக்க மூன்றாவது ஒன்று. டோரீனுக்கு இன்னும் இருபது மாதத்தில் ஓய்வு. தன் கைபட்ட உருண்டை ஒன்று, ஒன்றே ஒன்று, பற்றி எரிவதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதா?

நாலாவது உருண்டை வந்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வலது இமையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் பல்குச்சியில் ஒட்டினாள். தூசு சொன்ன பேச்சைக் கேட்டது. பசை பட்டால் முடி கெட்டுவிடும். உருண்டைக்கு ஏழெட்டாவது ஆகும். அறுபது தாண்டிய இமையில் போனது போனதுதான். ஆனால் டோரீன் திருடியில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுதினாள்: 'கருவி: கண்ணிமை முடி, சொந்தம்.' பக்கத்தின் அடியில் கீத் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார்.

இந்த ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, இமை முடியால் தூசு தட்டிய பதினோராவது உருண்டை பற்றிக்கொண்டது. கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு. பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். டோரீன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதாள். எரிந்தது அவளுடைய உருண்டை.

மே மாதம் அதையே திரும்பச் செய்யப் பார்த்தார்கள். டோரீன் விடுப்பில் இருந்தாள், வேறொருத்தி உறிஞ்சு குழலோடு உட்கார்ந்தாள். புஸ்ஸென்று போயிற்று. என்ன மாறியது என்று தேட ஏழு பேர் கமிட்டி போட்டார்கள். அவர்கள் எல்லாவற்றையும் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் கடைசியில் பதிவேட்டைப் படித்தார்கள்.

ஜூன் மாதம், டோரீனின் கடைசி நாள். பிரிவுபசாரக் கேக்கை அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது கீத் பதிவேட்டோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"டோரீன், இதுல பதினோரு பக்கம் இருக்கு."

"பதினொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கு, கீத்."

"அதை விடுங்க. இமை முடியைப் பட்டியல்ல சேர்த்தாச்சு, நேத்தே. இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போங்களேன். அதே கை, அதே கருவி. இன்னும் எத்தனை இருக்கு?"

டோரீன் கண்ணாடியைக் கழற்றி அவர் பக்கம் திரும்பினாள். வலது இமை மொட்டையாக, சிவந்துபோய் இருந்தது. இடது இமையிலும் பாதி காலி.

கீத் பதிவேட்டை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பூனை எப்படி இருக்கு?"

"பிக்கிள்ஸ் நீங்க மீசையை எடுத்துட்டுப் போன அடுத்த மாசமே, அந்த அக்டோபர்லயே செத்துப்போச்சு. பதினேழு வயசு." டோரீன் கண்ணாடியைத் துடைத்தாள். "அதோட மீசை மூணு உங்ககிட்டதான் இருக்கு. பையில போட்டு நம்பர் எழுதி எடுத்துட்டுப் போனீங்களே."

கீத் தரையைப் பார்த்தார்.

"அதை முறைப்படி எரிச்சுட்டோம்," என்றார்.

டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்கும் ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தாள்.