விளிம்பை உரசிப் போகும் கோடு

நானும் அவளும் கோலா சாவா எஸ்டேட்டில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளி வேனில் போனோம், ஒரே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தோம். அவள் வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, கோலாலம்பூரில் பேராசிரியரானாள். என் ஆராய்ச்சி, அப்பா படுக்கையில் விழுந்ததும் பாதியில் நின்றது. சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

இருந்தாலும் அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் சிரம்பானை அடுத்த மம்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பேசுவோம். எங்களை விடாமல் பிடித்திருந்த கேள்வி இது: பல கலப்பெண் மாறிகளின் வெளியில் ஒரு வடிவத்தை எடுத்து, அதன் ஹோலோமார்ஃபிக் என்னும் சீரான அமைப்பு குலையாமல் ஒரு பந்துக்குள் பொருத்துகிறோம். அது பந்தை எவ்வளவு நிரப்பும்? அதைக் கொண்டு வடிவத்தின் விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

நாங்கள் எப்போதும் விளிம்பைச் செங்குத்தாகவே நெருங்கிக்கொண்டிருந்தோம். உரசுவதுபோல் சாய்ந்து போனால் என்ன என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. கை துடைக்கும் தாளில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். சில நாள் கழித்து ஃபோன் செய்தாள். விளிம்பு தட்டையாகும் இடத்தில் என் வழி உடைந்துவிடுகிறதாம்.

"அது சரிவராதுடி. உன் நேரத்த வீணாக்காத."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விட்டுவிட்டேன்.

மறு வருடம் ஓர் இணையக் கருத்தரங்கில் அவள் பேசினாள். கல்லூரி ஆசிரியர் அறையில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பெருமையோடு கேட்டேன். திரையில் விளிம்பை உரசிச் செல்லும் கோடு வந்தது. தட்டையான இடத்தையும் ஒரு சின்ன மாற்றத்தால் தாண்டியிருந்தாள். அதைத் தன்னுடைய அணுகுமுறை என்றாள். பக்கத்து மேசைக்காரர் பால் சேர்க்காத தேநீர், தே ஓ, வேண்டுமா என்று கேட்டார். இயர்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்கு வந்திருந்தாள்; இப்போது பெடாஸில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரிவராதுன்னு நீதான சொன்ன?"

"அப்ப வரல. அப்புறம் வந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

துணியைப் பிழிந்தபடி சொன்னாள். "நீதான் விட்டுட்டியே லா. நீ ஒரு படம் வரைஞ்ச. நிரூபிச்சது நானு."

நிரூபித்தது அவள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபோனில் அந்த அக்கறையான குரலில் பேசியபோதே அவளுக்கு வழி தெரிந்திருந்ததா? கேட்கத் துணியவில்லை. அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் உள்ளே வரவேயில்லை.

கட்டுரை வெளிவருமுன் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைச் சேர்ப்பதாகச் செய்தி அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் போட்டேன். இப்போது வேறொரு கேள்வியில் தனியாக இருக்கிறேன். ஏதாவது பிடிபட்டால், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.