நீங்களோ, ஐயா?

சைக்கிள் களவுபோனதை முறையிடப் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது வாசலில் அந்தத் தாயைக் கண்டேன். மெலிந்த உடம்பு. ரவிக்கை இல்லை, அவருடைய சாதிப் பெண்கள் அதைப் போட எங்கள் சாதிக்காரர் விடுவதில்லை. கள்ளுச் சீவும் அவருடைய மகனைப் பொலிஸார் உயிரோடு கொண்டுபோய்ப் பிணமாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே போகிற ஒவ்வொரு பொலிஸ்காரனிடமும் அவர் பணிவாகக் கேட்டார்.

“ஐயா, நீங்களோ என்ரை பொடியனை அடிச்சது?”

“நானில்லை. போ அங்காலை.”

“எல்லாரும் இல்லையெண்டுதானே சொல்லுவாங்கள், பிறகேன் கேக்கிறியள்?” என்றேன்.

“சொல்லட்டும் ஐயா. ஒருத்தரும் அடிக்கேல்லையெண்டால் அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு நீதவானிட்டைக் கேப்பன்.”

அப்போது இன்ஸ்பெக்டர் படியேறி வந்தான். அந்தத் தாய் வாய் திறக்கமுன்னமே, “நானில்லை” என்று சொல்லிவிட்டு விறுவிறென்று உள்ளே போனான்.

கேட்காத கேள்விக்கு அவன் எதற்குப் பதில் சொன்னான்?